வெள்ளிக்கிழமைச் சூடு

வெள்ளிக்கிழமைகளில் மேகலாவைத் தொட்டுப் பார்க்க வருவார்கள்.

காலையில் குளித்து, ஆஸ்பத்திரி கொடுத்த வெளிர்மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு, கீழ்த்தளத்து ஹாலில் போட்டிருக்கும் உயரமான நாற்காலியில் அவள் போய் உட்கார வேண்டும். நாற்காலியின் இடது கைப்பிடியில் பட்டுத்துணி தைத்த ஒரு சின்னத் திண்டு. அதன்மேல் கையைக் கவிழ்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. வாசலிலிருந்து கயிறு கட்டி வரிசை. புதிதாகச் சேர்ந்த நோயாளியும், கூட வந்திருக்கும் மனைவியோ அண்ணனோ, ஒவ்வொருவராக வந்து அந்தப் புறங்கையைத் தொடுவார்கள். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொள்வார்கள். "கொதிக்குதுங்க" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார்கள். கண்ணில் நீர் கட்டும். பிறகு மாடிக்குப் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொள்வார்கள்.

மேகலாவுக்கு நூறு டிகிரிக்கு மேல் கொஞ்சம். எந்த வீட்டிலும் எந்தக் குழந்தைக்கும் வருகிற காய்ச்சல்தான் அது, கொதிக்காது. இருபது வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவளுக்கு, இருப்பதைக் கூட்டிச் சொல்கிறவர்களைக் கண்டால் ஆகாது. கூட்டிச் சொல்லிவிட்டு அதற்காக அழவும் செய்கிறவர்களைக் கண்டால் சுத்தமாக ஆகாது. ஆனால் முகத்தில் காட்டக் கூடாது, சாந்தமாக இருக்க வேண்டும் என்று நிர்வாகத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல்காரிக்கு அது தானாகவே வந்தது. இமை பாதி மூடி, உதடு காய்ந்து, எதிரில் இருப்பவரைத் தாண்டி எங்கோ நிலைத்த பார்வை. அதை அருள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் சற்றே தாழ்ந்த நாற்காலியில் அவள் கணவர் தண்டபாணி. வங்கி மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். வேலையில் இருந்தவரை கோயில் பக்கம் ஒதுங்காத மனிதர் இப்போது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு என்று அறங்காவலர் போல உட்கார்ந்திருந்தார்.

"தொட்டாச்சுன்னா நகருங்க. பின்னாடி வயசானவங்க நிக்கறாங்க பாருங்க." வரிசையை விரட்டிவிட்டு அவள் பக்கம் குனிந்தார். "மேகலா, சித்த நிமிந்து உக்காரு. டிவிக்காரங்க வந்திருக்காங்க."

"நான் கிளாஸ் எடுத்தப்ப ஒரு நாளாவது எட்டிப் பாத்திருப்பீங்களா?"

"அது வேற, இது வேறம்மா."

டிவிக்காரர்கள் என்றால் ஒரு பெண்ணும் கேமரா பிடித்த ஒருவனும். அவர்களுக்கு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆய்வகத்தின் இயக்குநர் டாக்டர் கிருபாகரன் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். வாராவாரம் யாராவது ஒருவருக்குச் சொல்லிச் சொல்லி, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்பதெல்லாம் அவருக்குப் படிந்துபோயிருந்தது.

"இது கல்தூசி நோய். கிரஷர்ல, குவாரியில வேலை செய்யறவங்களுக்கு வர்றது. நுரையீரல்ல தூசி போய் உக்காந்து, அதைச் சுத்தித் தழும்பு கட்டும். பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது செருப்புத் தோல் மாதிரி ஆயிடும். மருந்துன்னு எங்கயும் எதுவும் கிடையாது. மூச்சு நிக்கிற வரைக்கும் ஆக்சிஜன் குடுப்போம், அவ்வளவுதான்."

"அம்மா எப்படி சார் இதுக்குள்ள வந்தாங்க?"

"அம்மா வேலை பாத்த காலேஜ் கரூர்ப் பக்கம். காம்பவுண்டுக்கு அந்தாண்டை கிரஷர். அந்தக் காத்தைச் சுவாசிச்சு அவங்களுக்கும் தழும்பு வந்துடுச்சு. அப்புறம் ஏதோ ஒரு விஷக்காய்ச்சல். அது விட்டதும் ஸ்கேன் எடுத்தா, தழும்பு கரைஞ்சிருந்தது. யாரும் நம்பல. நான் நம்பினேன்."

இவர் நம்பவில்லை. வேறு யாருடைய படத்தையோ மாற்றி எடுத்து வந்துவிட்டாள் என்று அவளைத் திருப்பி அனுப்பியவர் இவர்தான்.

"அவங்க ரத்தத்துல ஒரு வகை வெள்ளணு, தழும்பைக் கரைக்கிற புரதத்தைச் சுரக்குது. ஆனா உடம்பு சூடா இருந்தாத்தான் சுரக்கும். காய்ச்சல் இறங்கிச்சுன்னா நின்னுபோகும். அதுக்காக வாரம் ஒரு ஊசி, செத்த கிருமி, ஆபத்தில்லாதது. அதைப் போட்டுக் காய்ச்சலை அப்படியே வெச்சிருக்கோம். நாங்க கேக்கக்கூட இல்ல. அம்மாவே..." இங்கேதான் குரல் தாழும். "அம்மாவே, எனக்குக் காய்ச்சல் இறங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

ஆறு மாசம் பொறுத்துக்கங்க மேடம் என்றுதான் அவர் கேட்டார். அந்த ஆறு மாசம் ஐந்தாவது வருடத்தில் நடந்துகொண்டிருந்தது.

"ஊசி போட்டதும் குணமாயிடுமா சார்?"

"அதுதான் கஷ்டம். கரையற தழும்பு வெளிய வரணும் இல்லையா? மாசக்கணக்குல இருமணும். ரத்தமும் சளியுமா, விலா எலும்பு விட்டுப்போற மாதிரி. நடுவுல நிறுத்தினா முன்னைவிட மோசமாக் கட்டிக்கும், ஆள் தப்பமாட்டான். ஆனா இங்க யாரும் நிறுத்தறதில்ல. அம்மாவே நமக்காக எரியறாங்க, நாம இருமக் கூடாதான்னு பொறுத்துக்கறாங்க."

அந்தப் பெண் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, தானும் வரிசையில் நுழைந்து மேகலாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கியது. படித்த பெண்.

மருந்துக்கு மேகலின் என்று பெயர் வைத்திருந்தார்கள். அட்டைப்பெட்டியில் மேகலாவின் படம், தலைக்குப் பின்னால் மங்கலாக ஒரு வெளிச்ச வட்டத்தோடு. ஜனங்கள் அதை அம்மா மருந்து என்றார்கள்.

காய்ச்சலுக்குள் இருப்பது எப்படி இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான். ஒரு யோசனையின் தலையைப் பிடித்தால் வால் நழுவும், வாலைப் பிடிப்பதற்குள் எதைப் பற்றிய யோசனை என்பதே போய்விடும். பழைய புத்தகங்களைத் திறந்தால் இரண்டாவது வரிக்கு வரும்போது முதல் வரி உருகியிருக்கும். கணக்கு அவளுக்குத் தொழில் மட்டும் அல்ல. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும், மாமியார் வீட்டின் நெரிசலிலும், அவள் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்ள இருந்த ஒரே அறை அது. இப்போது அந்த அறையின் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எல்லாம் மங்கிப்போன இடத்தில் ஏளனம் மட்டும் மங்காமல் நின்றது. யாரையும் இகழ்வதற்கு யோசிக்க வேண்டிய தேவை இல்லை, அது தானாக ஊறியது. அந்த வரிசையையும் கிருபாகரனையும் திருநீறு பூசிய தண்டபாணியையும் மனதுக்குள் இகழ்ந்துகொண்டே அவள் வாரங்களை ஓட்டினாள். தான் இன்னும் பழைய மேகலாதான் என்பதற்கு அது ஒன்றே சாட்சி என்று அவளுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமைகளில் ரத்தம் எடுப்பார்கள். எடுப்பது பர்வீன். ஆய்வகத்தின் விஞ்ஞானி, முப்பத்தைந்து வயது இருக்கும். மற்றவர்களைப் போல அம்மா என்று கூப்பிடாமல் மேம் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் என்பதால், மேகலா அவளை மட்டும் இகழாமல் விட்டுவைத்திருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஊசியைக் குத்தி, குழாயைப் பொருத்திவிட்டு, பர்வீன் போய்க் கதவைத் தாழிட்டாள்.

"உங்க எக்கோ ரிப்போர்ட் வந்திருக்கு மேம்."

"சொல்லு."

"இதயம் பெருசாயிருக்கு. இத்தனை வருஷமா ராத்திரி பகலா வேகமா அடிச்சிட்டே இருக்கு இல்லையா, தசை தளர ஆரம்பிச்சிருச்சு. இன்னும் ஒரு வருஷம் இப்படியே போச்சுன்னா, அப்புறம் காய்ச்சலை நிறுத்தினாலும் பழைய நிலைக்கு வராது."

"நிறுத்தினா, மாடியில இருமிட்டு இருக்கற ஆளுங்க?"

பர்வீன் மெல்ல நிறைந்துகொண்டிருந்த சின்ன ரத்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பை எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா மேம்?"

"மருந்து பண்ண."

"சிங்குக்கு."

மேகலாவுக்கு விளங்கவில்லை. காய்ச்சலில் எதுவும் சட்டென்று விளங்குவதில்லை என்பதால் காத்திருந்தாள்.

"உங்க செல்லைத் தொட்டியில வளர்க்க முடிஞ்சிருச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு. நான்தான் வளர்த்தேன். ஆள் உயர ஸ்டீல் தொட்டி. அதை எப்பவும் காய்ச்சல் சூட்டுலயே வெச்சிருக்கோம், அதுக்கு இதயமெல்லாம் கிடையாது. ஒரு தொட்டி உங்களை மாதிரி நூறு பேருக்குச் சமம். இப்ப எல்லாருக்கும் போடறது அந்த மருந்துதான். இதைக் கொதிக்க வெச்சு, கிருமி இல்லாமப் பண்ணி, வாஷ்பேசின்ல ஊத்திடறோம்."

"யாரு ஊத்தறது? நீயா?"

"நான்தான் மேம்."

"ஊத்திட்டுத் தண்ணி விட்டுக் கழுவுவியா?"

"ம்."

"நல்ல பொண்ணு" என்றாள் மேகலா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஊசி அசைந்து வலித்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. பர்வீன் அழுதாள். அழுகிறவர்களின் பட்டியலில் இவளும் சேர்ந்துவிட்டாளே என்று மேகலாவுக்கு அலுப்பாக இருந்தது.

மேகலா நேராகப் போய்க் கேட்டபோது கிருபாகரன் அதிரவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், இளநீர் வரவழைத்தார். தனியாக இருக்கும்போது அவருக்கு அவள் அம்மா இல்லை, மேடம்.

"பர்வீன் இதை உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாது."

"அவ்வளவுதானா உங்களுக்கு?"

"மேடம், நீங்க படிச்சவங்க. நான் மறைச்சுப் பேச விரும்பல. ஈரோட்டுக் கிளையில, இது தொட்டியில செஞ்ச மருந்துன்னு சொல்லியே குடுத்துப் பாத்தோம். போஸ்டர் கிடையாது, உங்க படம் கிடையாது, வெள்ளிக்கிழமை கிடையாது. அதே மருந்து, அதே அளவு. பாதிப் பேர் நடுவுல ஓடிட்டாங்க. வலி தாங்கல, இருமல் தாங்கல, மருந்து சரியில்லன்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. போனவங்க யாரும் பிழைக்கல. இங்க நூத்துல நாலஞ்சு பேர் போனா அதிகம்." அவர் கைகளை விரித்தார். "ஒரு தொட்டிக்காக யாரும் இருமமாட்டாங்க மேடம்."

"அப்ப நான் மருந்து இல்ல. மருந்துக்கு முன்னாடி போடற பூஜை."

"எப்படி வேணா வெச்சுக்கங்க. அந்தப் பூஜை இல்லாம மருந்து வேலை செய்யல."

"என் இதயம்?"

"நல்ல கார்டியாலஜிஸ்டா ஏற்பாடு பண்றேன்."

ஈரோட்டுக் கணக்கைக் காட்டச் சொன்னாள். அவர் தயங்காமல் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு ஊர், இரண்டு வார்டு, தங்கியவர், போனவர். முதலாம் ஆண்டு மாணவனுக்குக் கொடுக்கிற பயிற்சிக் கணக்கை விடச் சின்னது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்கள் வரிசையை விட்டு நகர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறின. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கிருபாகரன் அதைக் கவனித்துவிட்டார். "மெதுவாப் பாருங்க மேடம், அவசரமில்ல" என்று அவர் சொன்ன விதத்தில் உண்மையான இரக்கம் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் செய்த எதையும்விட அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

"காய்ச்சலை நிறுத்துங்க" என்றாள்.

"நிறுத்திட்டு?"

"நிறுத்தலாமா வேண்டாமான்னு யோசிக்கணும். அதுக்கு எனக்குத் தலை வேணும்."

அம்மா மௌன விரதத்தில் இருக்கிறார்கள் என்று வாசலில் அறிவிப்பு வைத்தார்கள். விரதம் என்கிற யோசனை தண்டபாணியுடையது.

ஊசி நின்ற சில நாட்களில் உடம்பு வியர்த்துக் கொட்டி இறங்கியது. எழுந்து உட்கார்ந்தபோது ஜன்னல் கம்பியின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தது. தக்காளி ரசத்தில் புளிப்பு புளிப்பாகவும் மிளகு மிளகாகவும் தனித்தனியாக வந்தன. இரண்டு கிண்ணம் குடித்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஈரோட்டுக் கணக்கை எடுத்து வைத்தாள்.

எண்கள் நின்ற இடத்தில் நின்றன. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அவளுக்கு யாரும் இல்லை. கிருபாகரனின் கணக்கில் எங்காவது ஓட்டை இருக்கும் என்று அவள் உறுதியாக நம்பினாள், அந்த ஆளின் தரம் அவளுக்குத் தெரியும். ஈரோட்டுக்கு வந்தவர்கள் வயதானவர்களாக இருக்கலாம். நோய் முற்றியபின் வந்திருக்கலாம். ஊர் தூரமாக இருந்திருக்கலாம், பஸ் வசதி இல்லாமல் இருந்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துப் பார்த்தாள். வயதால் இல்லை, நோயின் முற்றலால் இல்லை, தூரத்தாலும் இல்லை. எப்படிக் கலைத்து அடுக்கினாலும் அதே விடைதான் வந்தது. அந்த ஆள் சொன்னது சரி. ஐந்து வருடம் காத்திருந்து திரும்பி வந்த அவளுடைய அறிவு, வந்ததும் வராததுமாகச் செய்த முதல் வேலை, கிருபாகரன் சரி என்று கையெழுத்துப் போட்டதுதான்.

"எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடலாம் மேம்" என்றாள் பர்வீன்.

"ஈரோட்டுல உண்மையத்தான் சொன்னீங்க."

 மேகலா மாடி வராந்தாவில் நின்று வார்டுக்குள் பார்த்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஆண்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். முதுகைத் தடவிக்கொண்டு பெண்கள் நின்றார்கள். எவளோ ஒருத்தி எரிகிறாள் என்று தெரிந்தால்தான் தன் நெஞ்சில் இருப்பதைத் துப்புவார்களாம். இவர்களுக்காகத் தன் இதயத்தைக் கொடுக்கவா என்று கேட்டுக்கொண்டாள். தெளிந்த தலையோடு கேட்டதால் பதிலும் தெளிவாகவே வந்தது. மாட்டேன். அடுத்த கேள்வியும் வந்தது. அப்படியானால் பாதிப் பேர் சாகட்டுமா?  இகழத் தெரிந்த அளவுக்குச் சாக விடத் தெரியவில்லை என்பது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலம் காபியை ஆற்றிக்கொண்டே தண்டபாணி சொன்னார்: "கை மட்டும் சூடா இருந்தாப் போதுமில்ல?"

"என்ன?"

"ஒடம்பு மொத்தமும் காயோணும்னு என்ன இருக்குது? அவங்க தொடறது கையத்தானே. என்ற முதுகு வலிக்கு வாங்குன ஹீட்டிங் பேட் கெடக்குது பாரு. அதை அந்தத் திண்டுக்குள்ள வெச்சுத் தெச்சுட்டா?"

மேகலா அவரை வெறித்துப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து, அந்த விரதத்தை விட்டால், இந்த மனிதர் சொந்தமாக யோசித்துச் சொன்ன முதல் விஷயம், அதுவும் இப்படி.

"உங்களுக்குக் கொஞ்சம்கூட வெக்கமா இல்லையா?"

"உனக்கு நெஞ்சு வீங்கிட்டு இருக்குதாம். பர்வீன் சொன்னாங்க." அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அதுல எனக்கு என்னத்த வெக்கம்?"

அந்தப் பதில் அவள் அவரிடம் எதிர்பார்த்த வகையைச் சேர்ந்தது அல்ல. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், காபியில் சர்க்கரை தூக்கல் என்று மட்டும் சொன்னாள்.

கிருபாகரன் ஒரு நிமிடம் யோசித்தார், அதற்குமேல் இல்லை. நல்ல ஏற்பாடு என்றார். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நாற்காலிக்குப் பின்னால் கம்பியை மறைத்து இழுத்துக் கொடுத்தார்கள். மௌன விரதம் முடிந்தது என்று அறிவிப்பு மாறியது.

முதல் வெள்ளிக்கிழமை அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்றாவதில் போய்விட்டது. திண்டின் சூட்டில் கை வெந்த கிழங்கு மாதிரி இருந்தது. இமையைப் பாதி மூடிக்கொண்டாள். உதட்டைக் காய வைக்க, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்தாள். வந்தார்கள், தொட்டார்கள், இழுத்துக்கொண்டார்கள், கொதிக்குதுங்க என்றார்கள். முன்பெல்லாம் மூட்டத்துக்குள் நகர்ந்துபோன முகங்கள் இப்போது ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தன. முதுகுவலிக்குப் போடுகிற துணிப்பையின் சூட்டைத் தொட்டுவிட்டு மனிதர்கள் கண்ணீர் விடுகிறார்கள். இதைவிடத் தாழ ஒரு கூட்டம் இறங்க முடியாது, இதைவிடத் தாழ ஒருத்தி உட்கார முடியாது. வரிசை நீளும்போது மனதுக்குள் ஒரு கணக்கை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கை கூட்டத்துக்கு, தலை தனக்கு. யாரும் இறக்கவில்லை, யாரும் ஓடவில்லை, இதயம் இனி வீங்காது. எல்லோருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. இதில் கேவலம் ஒன்றுதான் மிச்சம், அது அவளுக்குப் பழகிப்போனதுதான்.

சித்திரை மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் கரண்ட் போயிற்று.

மின்விசிறிகள் தளர்ந்து நின்றன. வெளியே ஜெனரேட்டர் உறுமியதும் விளக்குகள் வந்தன, லிஃப்ட் வந்தது, இயக்குநர் அறையின் ஏசி வந்தது. நுழைவாயிலில் இருந்த பிள்ளையார் படத்தைச் சுற்றி ஓடுகிற சின்ன விளக்குகள்கூட வந்தன. திண்டு மட்டும் ஆறிக்கொண்டிருந்தது. தண்டபாணி எழுந்து, நாற்காலிக்குப் பின்னால் போய் சுவிட்சை மேலும் கீழும் தட்டினார். வெளியே ஓடி, யாரையோ விசாரித்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"இதை ஜெனரேட்டர் லைன்ல குடுக்கலியாம் மேகலா. சாமி படத்துக்குக் குடுத்திருக்கான், இதை விட்டுட்டான்."

"வரிசையை நிறுத்துங்க."

"எப்பிடி நிறுத்தறது? வெயில்ல நிக்கறாங்க. இன்னிக்கு எல்லாருக்கும் மொத ஊசி."

அவளுடைய கைகள் சின்ன வயதிலிருந்தே குளிர்ந்தவை. பயம் வந்தால் இன்னும் குளிரும். பட்டுத்துணியில் மிச்சம் இருந்த வெதுவெதுப்பும் போய், விரல்கள் சில்லிட்டு வியர்த்தன. கயிற்றுக்குள் அடுத்ததாக நின்றவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கணவனுக்கு நாற்பதுக்குமேல் இருக்காது. தோள் எலும்பில் சட்டை தொங்கியது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், சிலிண்டரைச் சக்கர வண்டியில் வைத்து மனைவி இழுத்து வந்தாள். உள்ளே நுழைந்ததிலிருந்தே இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆனையப் பாத்துட்டுப் போற மாதிரி பாத்துட்டுப் போறதுக்கா இத்தனை தூரம் இழுத்துட்டு வந்தே?" என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்திக் கேட்டான் அவன். "ஊட்டுக்குப் போலாம் வளர்மதி. அங்கயே கெடந்து போயர்றேன்."

"பேசாம வாங்க."

"உங்கண்ணன் ஈரோட்டுல போட்டானே, இதே ஊசிதான். என்ன ஆச்சு?"

"அவன் பாதியில ஓடியாந்தான், செத்தான். நீங்க ஓடாதீங்க."

"பாக்கறேன். சும்மா படம் காட்டறாங்கன்னு தெரிஞ்சுதுன்னா, நான் இப்பிடியே திரும்பிருவேன்."

வளர்மதி வண்டியை நிறுத்திவிட்டு முன்னால் வந்து, மேகலாவின் புறங்கையில் தன் கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றுபோனது.

மேகலா இமையைப் பாதி மூட மறந்துவிட்டாள். நேருக்கு நேராக அவள் கண்ணைப் பார்த்தாள். வளர்மதி முதலில் திண்டைப் பார்த்தாள், பிறகு நாற்காலிக்குப் பின்னால் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நின்ற தண்டபாணியைப் பார்த்தாள், பிறகு மேகலாவை. இனி சத்தம் போடுவாள், கூட்டம் கலையும், மாடியில் இருப்பவர்கள் காதுக்குப் போகும், ஊசியைப் பிடுங்கிப்போட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போவார்கள். மேகலா அதற்காகக் காத்திருந்தாள். காத்திருந்த அந்த நேரத்தில், பின்னால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் அந்த முன்பின் தெரியாத மனிதன் திரும்பிப் போய்விடக் கூடாது என்று மனது கிடந்து தவிப்பதை உணர்ந்தாள். எண்களாக இருந்தபோது அவர்களில் ஒருவனுக்காகவும் அவள் இப்படித் தவித்ததில்லை.

"ஐயோ" என்றாள் வளர்மதி. குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "இப்பிடிக் கொதிக்குதுங்களே."

சொன்னது மேகலாவிடம் அல்ல, திரும்பிக் கணவனிடம். சொல்லிவிட்டுத் தரையில் மண்டியிட்டாள். மேகலாவின் கையை இரண்டு கைகளாலும் பொத்தி எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, பக்தி முற்றியவள் போல, அழுதுகொண்டே தேய்த்தாள். ஜல்லி சுமந்து காய்ப்பேறிய கைகள், மேகலாவின் தோல் எரிந்தது. குனிந்து முகத்தைப் புதைத்துக்கொண்டு அதன்மேல் நீளமாக மூச்சை விட்டாள், குளிரில் விறைத்த குழந்தையின் கைக்கு விடுவது போல. மறுபடி தேய்த்தாள். நகருங்க என்று சொல்ல வேண்டிய தண்டபாணி சுவிட்சைப் பிடித்தபடியே நின்றார். அந்தக் கண்ணீர் நிஜமா நடிப்பா என்று மேகலாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வெள்ளிக்கிழமைகளில் பார்த்த கண்ணீரைப் பற்றியும் இப்போது அவளுக்கு நிச்சயமாக எதுவும் தெரியவில்லை.

"வாங்க, நீங்களே தொட்டுப் பாருங்க" என்று வளர்மதி கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். கீழே தன் உள்ளங்கை, நடுவில் மேகலாவின் கை, மேலே அவனுடையது.

அவன் வைத்துப் பார்த்தான். எடுக்கவில்லை.

"ஆமா, சுடுது" என்றான். மேகலாவின் முகத்தை முதன்முறையாகப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான், இருமல் முந்திக்கொண்டது. அது அடங்கியதும் மனைவியைக் கேட்டான்: "ஊசி எங்க போடறாங்க?"

"மாடியில. நடங்க, வர்றேன்."

அவன் சிலிண்டரைத் தானே இழுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனான். வளர்மதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்தபின் அது மறுபடி களைத்த, காரியமான ஒரு பெண்ணின் முகமாகிவிட்டது. மேகலா அவளை எப்படி அழைப்பது என்று தெரியாமல், "கண்ணு" என்று மெல்லத் தொடங்கினாள்.

"ஒண்ணும் பேசாதீங்க" என்றாள் வளர்மதி, உதடு அசையாமல். "கையச் சேலைக்குள்ள வெச்சுக்கங்க, இல்லாட்டி ஆறிரும். அடுத்தது எங்க ஊரு அக்காதான். நான் சொல்லிக்கறேன்."

கயிற்றோரமாக நடந்துபோனவள், அடுத்து நின்ற பெண்ணின் காதருகே ஒரு கணம் குனிந்தாள். அந்தப் பெண் தலையாட்டவில்லை, நிமிர்ந்து மேகலாவைப் பார்க்கவும் இல்லை. பின்னால் திரும்பி, இன்னொருத்தியிடம் ஏதோ சொன்னாள். அவள் தனக்குப் பின்னால் நின்றவளிடம். இருமிக்கொண்டு நின்ற ஆண்கள் யாரும் எதையும் கவனிக்கவில்லை. இகழ்வதற்கு யாராவது ஒருவர் அகப்படுவாரா என்று மேகலா அந்த வரிசையின் கடைசிவரை தேடினாள்.

தண்டபாணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

தன் புருஷனைப் பின்னால் நிறுத்திவிட்டு, உள்ளங்கைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே அந்த ஊர்க்கார அக்கா வந்தாள்.